ஃபென்வே பார்க்கில் எங்கே உட்காரலாம்? ஐந்து இடங்களின் ஒப்பீடு

கோடை தொடங்கிவிட்டால் பாஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களிடையே ஒரு கேள்வி தவறாமல் சுற்றும்: “ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஃபென்வேயில ஒரு மேட்ச் காட்டணும். எந்த டிக்கெட் வாங்கலாம்?” படிக்க வந்த பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள், கையிருப்புதான் வேறு. டிக்கெட் தளத்தைத் திறந்தால் வரைபடம் முழுக்க வண்ண வண்ணக் கட்டங்கள். பலரும் விலையைப் பார்த்து, மைதானத்துக்குக் கிட்டத்தில் தெரிகிற கட்டத்தில் தங்களுக்குக் கட்டுப்படியாகும் இடத்தை வாங்கிவிடுகிறார்கள். வேறு மைதானத்தில் இது சரிப்படலாம். ஃபென்வேயில் சரிப்படாது.

பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க் 1912 ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது. அமெரிக்க மேஜர் லீக் மைதானங்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் மிகப் பழையது இதுதான். தெருக்களுக்கு நடுவே கிடைத்த கோணல்மாணலான மனையில் கட்டினார்கள். பிறகு நூறு வருடமாக இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இருக்கைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அதனால் ஒரே விலையுள்ள இரண்டு இருக்கைகளில் ஒன்றிலிருந்து ஆட்டம் முழுதும் தெரியும், அதற்கு நாலு இடம் தள்ளி உட்கார்ந்தவர் முன்னால் இரும்புத் தூண் நிற்கும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிரிக்கெட்டில் பிட்ச் நடுவில் இருப்பதால் எந்த ஸ்டாண்டில் உட்கார்ந்தாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். பேஸ்பாலில் எல்லாமே ஒரு மூலையிலிருந்து தொடங்குகிறது. பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட் இருக்கும் மூலையைத்தான் ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் பார்த்துக்கொண்டிருப்போம். மைதானப் புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த மூலையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பது இங்கே மிகச் சாதாரணம்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். முதலாவது, இருக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. தூரத்தைவிட இது முக்கியம். இரண்டாவது, தலைக்கு மேல் கூரை. ஏப்ரலில் பாஸ்டன் இரவுகள் எலும்புவரை குளிரும், ஜூலைப் பகல் சுட்டுத் தள்ளும், மழை எந்த மாதத்திலும் வரலாம். மூன்றாவது, உட்காரும் வசதி. 2023இல் பந்து வீச நேரக் கெடு வைக்கும் பிட்ச் கடிகாரம் வந்தபிறகு ஆட்டங்கள் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகின்றன. முன்பெல்லாம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். இருந்தாலும் முட்டி வலிக்காரருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் சின்ன விஷயமில்லை. நான்காவது, டிக்கெட்டில் அச்சாகாத செலவு.

வெயிலைப் பற்றி ஒரு விளக்கம். ஹோம் பிளேட் மைதானத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பேட்டர் வடகிழக்கைப் பார்த்து நிற்கிறார். ஆகவே மாலைச் சூரியன் ஹோம் பிளேட்டுக்கும் மூன்றாம் பேஸுக்கும் (பேட்டர் ஓடித் தொட வேண்டிய இடங்களில் ஒன்று, அவருக்கு இடப்பக்கம்) பின்னால் இறங்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு முதுகில் வெயில், எதிரே வலது மூலையிலும் ஹோம் பிளேட்டுக்கு நேரெதிர்க் கோடியில் உள்ள பிளீச்சரிலும் இருப்பவர்களுக்கு நேராகக் கண்ணில் வெயில். ஜூனில் இங்கே சூரியன் மறைய எட்டரை மணி ஆகிவிடும். ஏழு மணி ஆட்டம்தானே என்று கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனால் முதல் ஒரு மணி நேரம் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

| இடம் | பார்வைக் கோணம் | வெயில், மழை | உட்காரும் வசதி | விலை |
|---|---|---|---|---|
| கிரீன் மான்ஸ்டர் உச்சி | உயரத்திலிருந்து நேராக. காலடியில் நடப்பது மட்டும் தெரியாது | கூரை இல்லை | உயர ஸ்டூல், முன்னால் மேடைப் பலகை | மிக அதிகம் |
| ஃபீல்டு பாக்ஸ், லோஜ் பாக்ஸ் | ஹோம் பிளேட்டை ஒட்டியவை அருமை | பெரும்பாலும் கூரை இல்லை | பரவாயில்லை. சரிவு குறைவு | அதிகம் |
| கிராண்ட்ஸ்டாண்ட், பிரிவு 14 முதல் 28 வரை | மிக நல்லது, தூண் குறுக்கே வராவிட்டால் | கூரை உண்டு | குறுகலான மர இருக்கை | நடுத்தரம் |
| வலது மூலை, பிரிவு 1 முதல் 8 வரை | கழுத்தைத் திருப்ப வேண்டும் | மாலை வெயில் கண்ணில் | குறுகல் | நடுத்தரத்துக்குக் கீழ் |
| பிளீச்சர் | தூரம், ஆனால் நேர்கோணம் | கூரை இல்லை, வெயில் கண்ணில் | சாதாரண இருக்கை | குறைவு |

## கிரீன் மான்ஸ்டர் உச்சி

இடது பக்கம் நிற்கும் ‘கிரீன் மான்ஸ்டர்’ என்ற பச்சைச் சுவர்தான் ஃபென்வேயின் முகம். உயரம் 37 அடி 2 அங்குலம், ஹோம் பிளேட்டிலிருந்து வெறும் 310 அடி தூரம். பின்னால் லான்ஸ்டவுன் தெரு ஓடுவதால் சுவரைத் தள்ளிக் கட்ட இடமில்லை, அதனால் உயரமாகக் கட்டினார்கள். 1947இல்தான் விளம்பரங்களை அழித்துவிட்டுப் பச்சை அடித்தார்கள். தெருக் கடைகளின் ஜன்னல் உடையாமல் இருக்க 1936 முதல் சுவர் உச்சியில் ஒரு வலை இருந்தது. அதை எடுத்துவிட்டு 2003 சீசனுக்கு மேலே இருக்கைகள் போட்டார்கள். மொத்தமே முந்நூறுக்கும் குறைவு. விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது இதிலிருந்தே புரியும்.

மேலே உட்கார்வது ஓர் அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய பேட்டிங் பயிற்சியில் பந்துகள் உங்களைத் தேடி வரும். மைதானம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். ஆனால் மான்ஸ்டர் மேல் உட்கார்ந்தால் மான்ஸ்டரைப் பார்க்க முடியாது. சுவரின் அடியில் இன்றும் ஆள் உள்ளே இருந்து கையால் எண்களை மாற்றும் ஸ்கோர்போர்டு உங்கள் காலுக்குக் கீழே போய்விடும். ஃபென்வேக்கே உரிய காட்சி ஒன்று உண்டு: வேறு மைதானத்தில் கேட்ச் ஆகியிருக்கும் பந்து இந்தச் சுவரில் மோதித் திரும்பும். அது எந்தக் கோணத்தில் துள்ளும் என்று கணித்து இடது ஃபீல்டர் ஓடுவார். அதற்குள் பேட்டர் இரண்டாம் பேஸில் நிற்பார். அது நடப்பது உங்களுக்கு நேர் கீழே. எட்டிப் பார்த்தாலும் பாதிதான் தெரியும்.

ஆகவே இது இரண்டாவது அல்லது மூன்றாவது முறை வருபவர்களுக்கான இடம். ஆட்டம் தெரிந்தவர், முழு மைதானத்தையும் ஏற்கெனவே கீழிருந்து பார்த்தவர், பிறந்தநாள் மாதிரி ஒரு காரணமும் வைத்திருப்பவர் வாங்கட்டும். முதல் முறை வருகிற பெற்றோரை இங்கே ஏற்றி உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சின்னக் குழந்தைகளுக்கு உயர ஸ்டூல் சிரமம், ஏப்ரல், மே மாதக் காற்று யாருக்குமே சிரமம்.

## ஃபீல்டு பாக்ஸ், லோஜ் பாக்ஸ்

தரையை ஒட்டியவை ஃபீல்டு பாக்ஸ், அதற்குப் பின்னால் லோஜ் பாக்ஸ், அதற்கும் பின்னால் கூரைக்கடியில் கிராண்ட்ஸ்டாண்ட். இதுதான் வரிசை. ஹோம் பிளேட்டைச் சுற்றியுள்ள பாக்ஸ்களில் பந்து மட்டையில் படும் சத்தம் அப்படியே காதில் விழும். ரெட் சாக்ஸ் வீரர்கள் உட்காரும் டக்-அவுட் முதல் பேஸ் பக்கம், அதாவது பேட்டருக்கு வலப்பக்கம் இருக்கிறது. வீரர்களைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம்தான் சரி.

குறை என்னவென்றால், கீழ் வரிசைகளில் சரிவு போதாது. முன்னால் உயரமான ஆள் உட்கார்ந்துவிட்டால் பந்து வீசும் பிட்சர் தெரிவார், பேட்டர் தெரியமாட்டார். கோட்டுக்கு வெளியே பறந்து வரும் ஃபௌல் பந்துகளுக்காக டக்-அவுட்களைத் தாண்டியும் வலை கட்டியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும், புகைப்படம் எடுப்பவருக்குத்தான் எரிச்சல். மழை வந்தால் எழுந்து கூரைக்கடியில் ஓட வேண்டியதுதான்.

லோஜ் பாக்ஸுக்கு இரண்டு கிராண்ட்ஸ்டாண்ட் டிக்கெட் அளவுக்குப் பணம் கேட்கிறார்கள் என்றால் நான் கிராண்ட்ஸ்டாண்டைத்தான் எடுப்பேன். வித்தியாசம் சொற்பமாக இருக்கிற நாளில், மழைக்கு வாய்ப்பில்லை என்றால், லோஜ்.

## கிராண்ட்ஸ்டாண்ட், ஹோம் பிளேட்டைச் சுற்றி

என் கட்சி இதுதான், அதனால் குறைகளையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீல நிற மர இருக்கைகள். 1934இல் மைதானத்தைப் புதுப்பித்த காலத்து வடிவம், அந்தக் காலத்து மனிதர்களின் உடம்புக்கேற்ற அகலம். முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும். யாராவது பீர் வாங்க எழுந்தால் வரிசையே எழ வேண்டும். மேல்தளத்தைத் தாங்கும் இரும்புத் தூண்கள் நடுவே நிற்கின்றன. சில இருக்கைகளிலிருந்து பிட்சரே தெரியமாட்டார், சிலவற்றில் ஹோம் பிளேட் மறையும். அணியிடம் நேரடியாக வாங்கினால் ‘பார்வை மறைக்கப்படும்’ என்ற குறிப்பு இருக்கும். மறுவிற்பனைத் தளங்களில் அந்தக் குறிப்பைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போட்டிருப்பார்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் தூண்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் ரசிகர்கள் எடுத்த படங்களைத் தொகுத்து வைத்திருக்கும் தளங்கள் இருக்கின்றன. பணம் கட்டும் முன் அங்கே பிரிவு, வரிசை, இருக்கை எண் மூன்றையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வரிசையிலும் கவனம் வேண்டும். முதல் வரிசை நடைபாதையை ஒட்டியது, ஆட்டம் முழுக்க ஆட்கள் குறுக்கே போய்க்கொண்டே இருப்பார்கள். கடைசி வரிசைகளில் மேல்தளத்தின் அடிப்பாகம் வானத்தை மறைத்துவிடும். உயரே அடித்த பந்து மேலே போய்க் காணாமல் போய், எங்கோ ஃபீல்டர் கையில் முளைக்கும். நடு வரிசைகளில், தூண் குறுக்கே வராத இருக்கை கிடைத்தால் அதுதான் பிடி.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் இதையே பரிந்துரைக்கிறேன்? கூரை இருக்கிறது. கோணம் சரியாக இருக்கிறது, உடம்பைத் திருப்பாமலே பிட்சர், பேட்டர், நான்கு பேஸ்கள் எல்லாம் தெரியும். ஆட்ட விதிகள் தெரியாத அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து விளக்குவதற்கு இந்தக் கோணம் கட்டாயம் வேண்டும். எங்கோ மூலையிலிருந்து பார்த்தால், “இப்ப ஏன் எல்லாரும் கத்தினாங்க?” என்ற கேள்விக்கே ஆட்டம் முடிந்துவிடும்.

முதல் பேஸ் பக்கமா மூன்றாம் பேஸ் பக்கமா? முதல் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் எதிரே பச்சைச் சுவர் முழுதாகத் தெரியும், சுவரில் பந்து மோதும் நாடகமும் தெரியும். ஆனால் மாலை ஆட்டத் தொடக்கத்தில் முன் வரிசைகள்வரை வெயில் எட்டிப் பார்க்கும். மூன்றாம் பேஸ் பக்கம் வெயில் தொல்லை குறைவு, சுவர் பக்கவாட்டில்தான் தெரியும். வயதானவர்களுடன் என்றால் மூன்றாம் பேஸ். ஃபென்வேயைப் பார்க்கவே வந்தவர் என்றால் முதல் பேஸ்.

இடது ஓரத்தில் சுவரை ஒட்டியுள்ள 32, 33 பிரிவுகளில் மதுவுக்கு அனுமதி இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் பீரைக் கொட்டிவிடுவாரோ என்று பயப்படும் குடும்பங்களுக்கு நல்ல இடம். ஹோம் பிளேட் தூரம்தான், ஆனாலும் கூட்டத்தின் தன்மையே வேறு.

## வலது மூலை

வரைபடத்தில் பார்த்தால் புல்லுக்கு வெகு பக்கம். விலையும் கையைக் கடிக்காது. முதல் முறை வாங்குபவர்கள் அதிகம் விழுவது இதில்தான். 1 முதல் 8 வரையான பிரிவுகளில் பல இருக்கைகள் ஹோம் பிளேட்டைப் பார்க்கவில்லை, நேர் எதிரே மைதானத்தின் நடுப்பகுதியைப் பார்த்து அமைந்திருக்கின்றன. ஆட்டம் பார்க்கக் கழுத்தை இடப்பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் மூன்றாவதிலேயே தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

இதற்கும் ஒரு கவர்ச்சி உண்டு. வலது ஓரத்தில் நிற்கும் மஞ்சள் கம்பத்துக்கு ‘பெஸ்கி கம்பம்’ என்று பெயர், ஹோம் பிளேட்டிலிருந்து 302 அடிதான். முன்னாள் ரெட் சாக்ஸ் வீரர் ஜானி பெஸ்கி தன் வாழ்நாளில் அடித்த ஹோம் ரன்களே (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) 17, அவற்றில் ஃபென்வேயில் ஆறு. அவர் பெயரை ஹோம் ரன் கம்பத்துக்கு வைத்த இந்த ஊர்க்காரர்களின் குசும்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைப் பார்க்க அங்கேயே உட்கார வேண்டியதில்லை, சீக்கிரம் போய் நடந்து பார்த்துவிட்டு வரலாம். உள்ளே அவ்வளவு சுற்ற விடுவார்கள்.

கூரைமேல் இருக்கும் வலதுபக்க டெக் வேறு ரகம். நண்பர்கள் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்ப்பதற்கானது. ஆட்டம் இரண்டாம்பட்சம் என்றால் போகலாம்.

## பிளீச்சர்

காசு குறைவு, கலகலப்பு அதிகம். மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஹோம் பிளேட் தூரத்தில் இருந்தாலும் நேர் எதிரே இருக்கிறது, கழுத்தைத் திருப்ப வேண்டாம். பிட்சரின் பந்து இடமோ வலமோ வளைவது இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும், தொலைக்காட்சிக் கேமராவும் கிட்டத்தட்ட இந்தத் திசையிலிருந்துதான் பார்க்கிறது. வலப்பக்க முன் வரிசைகளுக்குக் கீழே புல்பென், அடுத்து வரப்போகும் பிட்சர் உடம்பைச் சூடாக்குவதைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

42ஆம் பிரிவு, 37ஆம் வரிசை, 21ஆம் இருக்கை மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைப் பதம் பார்த்தது. அந்த இருக்கையில் நின்று ஹோம் பிளேட்டைப் பார்த்தால்தான் அந்தத் தூரம் நம்பும்படியாக இருக்காது என்பது புரியும். ஆட்டம் தொடங்கும் முன் போனால் படம் எடுத்துக்கொள்ளலாம்.

குறைகள்: முழு வெயில், முழு மழை. பெரிய வீடியோ திரை உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும். நடுக்களத்துக்கு நேர் பின்னால் உள்ள 35ஆம் பிரிவுப் பகுதியைப் பகல் ஆட்டங்களில் அடர்நிறத் துணி போட்டு மூடிவிடுவார்கள். வெள்ளைச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து வரும் வெள்ளைப் பந்து பேட்டருக்குத் தெரியாது என்பதுதான் காரணம். இதனால்தான் இரவில் 37,755 ஆக இருக்கும் மைதானக் கொள்ளளவு பகலில் 37,305 ஆகக் குறைகிறது. பேச்சு கொஞ்சம் காரசாரமாக இருக்கும், பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணி வந்த நாளில் ரொம்பவே. எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## எந்த இடமானாலும் சேரும் செலவு

விலை நிலையானது அல்ல. ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை ஒரு பலவீனமான அணியோடு ஆடும்போது கிடைக்கும் லோஜ் இருக்கையின் விலைக்கு, யாங்கீஸ் வரும் சனிக்கிழமை பிளீச்சர்கூடக் கிடைக்காமல் போகலாம். முதலில் நாளை மாற்ற முடியுமா என்று பாருங்கள், அப்புறம் இடத்தைப் பற்றி யோசிக்கலாம். மறுவிற்பனையில் வாங்கினால் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத்தை மட்டுமே ஒப்பிடுங்கள்.

காரில் போகாதீர்கள். ஆட்ட நாளில் பக்கத்து நிறுத்துமிடங்களின் கட்டணம் பிளீச்சர் டிக்கெட்டையே மிஞ்சும். கிரீன் லைனில் கென்மோர் நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடம்தான். மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஃபிரேமிங்ஹாம்–வூஸ்டர் ரயில் லான்ஸ்டவுன் நிலையத்தில், மைதானத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அந்த ரயிலில் திரும்புவதாக இருந்தால் கடைசி வண்டியின் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள், ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனால் உங்களுக்காக அது காத்திருக்காது.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் யோசிக்காத செலவு மழை. ஆட்டம் நடக்காமல் தள்ளிப்போனால் வழக்கமாகப் பணம் திரும்ப வராது, டிக்கெட் மாற்று நாளுக்குச் செல்லும். அப்பா அம்மா அதற்குள் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள். அவர்கள் பயணத்தின் கடைசி வாரத்தில் ஆட்டத்தை வைக்காமல், முதல் வாரங்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

பெற்றோருடன் முதல் முறை: கிராண்ட்ஸ்டாண்ட், மூன்றாம் பேஸ் பக்கம், 23 முதல் 28 வரை, நடு வரிசை, மே கடைசிக்குப் பிறகு. கைக்குழந்தையோ தவழும் பிள்ளையோ இருந்தால் 32 அல்லது 33. நண்பர் கூட்டம், கையிருப்பு குறைவு: பிளீச்சர், கறுப்புக் கண்ணாடியோடு. ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர், செலவைப் பற்றிக் கவலை இல்லை: ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் லோஜ் பாக்ஸ். மான்ஸ்டர் அதற்கு அடுத்த வருடம். வலது மூலை, வேறு எதுவுமே கிடைக்காத நாளில்.

மைதானத்தைப் பார்த்தால் போதும், ஆட்டத்தில் ஆர்வமில்லை என்பவர்களுக்கு வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலா இருக்கிறது. ஒரு மணி நேரம் போலப் பிடிக்கும். கூட்டம் தாங்காத பெரியவர்களுக்கு ஆட்டத்தைவிட இதுவே நிம்மதி.

ஆட்டம்தான் வேண்டும், ஃபென்வே என்ற பெயர் வேண்டாம் என்றால் வூஸ்டருக்குப் போங்கள். ரெட் சாக்ஸின் அடுத்த நிலை அணி அங்கே போலார் பார்க்கில் ஆடுகிறது. 2021இல் திறந்த புது மைதானம், பத்தாயிரத்துக்கும் குறைவான இருக்கைகள், தூண் கிடையாது, கால் நீட்ட இடம் உண்டு, டிக்கெட்டும் மலிவு. நாளை ஃபென்வேயில் ஆடப்போகும் பையன்களை இன்றைக்கே கிட்டத்தில் பார்க்கலாம். குடும்பத்தில் ஆறு பேர், அதில் மூன்று பேருக்கு ஆட்டமே தெரியாது என்றால் நான் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.